மூன்று வழியிலும் 30 ஹெர்ட்ஸ்: புதிய மடிக்கணினியை 4கே மானிட்டருடன் இணைத்தபோது நேர்ந்தது – ஒரு நிகழ்வு ஆய்வு

பாளையங்கோட்டையில் வீட்டின் முன்னறையையே அலுவலகமாக வைத்திருக்கும் ஓர் ஆடிட்டரின் மேசையைப் பற்றியது இந்த ஆய்வு. பல ஆண்டுகள் உழைத்த மேசைக்கணினியை ஒதுக்கிவிட்டு, 14 அங்குல மடிக்கணினி ஒன்றை ஒரு கடையிலும் 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்றை வேறொரு கடையிலும் அவர் வாங்கியிருந்தார். மானிட்டரில் டைப்-சி இணைப்பு இருப்பதால் படம், மின்சாரம், துணைக்கருவிகள் மூன்றும் ஒரே கேபிளில் வந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதில் பொய் இல்லை. எந்தக் கேபிளில், எந்தப் போர்ட்டில், எதை விட்டுக்கொடுத்தால் மூன்றும் சேர்ந்து வரும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. நான் அழைக்கப்பட்டபோது மானிட்டர் பழுது என்ற முடிவுக்கு அவர் ஏறக்குறைய வந்திருந்தார். "தம்பி, இதைக் கடைக்கே திருப்பி அனுப்பிடலாமா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

மேசையில் இருந்த எந்தக் கருவியிலும் பழுது இல்லை என்பது பின்னால் தெரிந்தது. கருவிகள் எல்லாம் நன்றாக இருந்தும் இணைப்பு மட்டும் சரியாக அமையாமல் போவது புதிய மடிக்கணினிகளில் அடிக்கடி நேர்வதாலும், அதற்கான காரணங்கள் ஒன்றின் பின்னால் ஒன்று மறைந்து நிற்பதாலும், இந்த நிகழ்வை வரிசையாகப் பதிவு செய்கிறேன்.

மேசையில் இருந்தவை

மடிக்கணினியின் இடப்பக்கம் இரண்டு டைப்-சி போர்ட்களும் ஓர் எச்டிஎம்ஐ போர்ட்டும் இருந்தன. வலப்பக்கம் வழக்கமான செவ்வக யூஎஸ்பி போர்ட்கள் இரண்டு, விரல் அகல இடைவெளியில் அருகருகே அமைந்திருந்தன. மானிட்டரின் பின்புறம் டைப்-சி, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் ஆகிய மூன்று உள்ளீடுகளும், துணைக்கருவிகளைச் செருக அதற்குள்ளேயே அமைந்த யூஎஸ்பி ஹப்பும் இருந்தன. டைப்-சி வழியாக 65 வாட் வரை மின்சாரம் தரும் என்று அதன் பெட்டியில் அச்சிடப்பட்டிருந்தது. மடிக்கணினியின் சொந்தச் சார்ஜரும் 65 வாட்தான் என்பதால் மின்சாரப் பக்கம் பொருத்தம் இருந்தது. இணைக்க வேண்டியவை வயர் இல்லாத மவுஸின் ரிசீவர், கீபோர்டு, பிரிண்டர், அன்றாடக் காப்புப்பிரதி எடுக்கும் வெளி ஹார்டு டிஸ்க், வருமான வரி, நிறுவனப் பதிவு ஆவணங்களில் மின்கையொப்பம் இடப் பயன்படும் டி.எஸ்.சி. டோக்கன் ஆகியவை.

டைப்-சி என்பது ஒரு முனையின் வடிவம் மட்டுமே என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2014ஆம் ஆண்டு வெளியான அந்த வடிவத்துக்குள் 24 தொடுமுனைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே என்னென்ன செல்லும் என்பதை மடிக்கணினியைச் செய்தவர்தான் முடிவு செய்கிறார். இந்த மடிக்கணினியில் இருந்த இரண்டு டைப்-சி போர்ட்களில் ஒன்றின் அருகே மட்டும், படம் அனுப்பும் முறையான டிஸ்ப்ளேபோர்ட்டின் சிறு குறியீடு பொறிக்கப்பட்டிருந்தது. கறுப்பு உடலில் அடர்சாம்பல் நிறத்தில் இருந்த அந்தக் குறியை மொபைல் போனின் டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துத்தான் பார்க்க முடிந்தது. மற்றொரு போர்ட் மின்சாரம் வாங்கும், தரவு கடத்தும், ஆனால் படம் அனுப்பாது. விவரக்குறிப்புத் தாளும் அதையே சொன்னது.

முதல் குழப்பம்: படமே வராதது

ஆடிட்டர் முதலில் பயன்படுத்தியது மொபைல் சார்ஜருடன் வந்த டைப்-சி கேபிள். இரு முனையும் பொருந்தின, மடிக்கணினிக்குச் சார்ஜ் ஏறியது, மானிட்டரில் செருகிய டோக்கனைக்கூடக் கணினி அடையாளம் கண்டது. திரையில் மட்டும் சிக்னல் இல்லை என்ற அறிவிப்பு நின்றது. எல்லாம் வேலை செய்யும்போது படம் மட்டும் வரவில்லை என்றால், படம் காட்ட வேண்டிய மானிட்டரின் மேல் சந்தேகம் விழுவது இயல்புதான். உண்மையில் இத்தகைய சார்ஜர் கேபிள்களுக்குள் மின்சாரத்துக்கான வயர்களும், இரு கருவிகளின் பேச்சுவார்த்தைக்கான ஒரு மெல்லிய வயரும், யூஎஸ்பியின் பழைய, மெதுவான பதிப்பான யூஎஸ்பி 2.0 தரவுக்கான ஓர் இணை வயரும் மட்டுமே இருக்கும். படம் செல்ல வேண்டிய அதிவேக வயர்கள் அதற்குள் வைக்கப்படவே இல்லை. டோக்கனுக்கு யூஎஸ்பி 2.0 போதும், அதனால்தான் அது வேலை செய்து, கேபிள் முழுமையானது என்ற தோற்றத்தைத் தந்தது.

மானிட்டரின் பெட்டியில் தெர்மாகோலுக்கு அடியில், பிரிக்கப்படாத உறையில், அதற்கே உரிய கேபிள் இருந்தது. மொபைல் கேபிளோடு ஒப்பிட்டால் சற்றுத் தடிமனானது, வளைக்கக் கொஞ்சம் முரண்டு பிடிப்பது. தடிமனைப் பார்த்தே கேபிளைத் தேர்ந்தெடுத்துவிட முடியாது என்றாலும், பெட்டியோடு வந்த கேபிளை முதலில் எடுக்காமல் கையில் கிடைத்ததைச் செருகுவதுதான் இவ்வகைச் சிக்கல்களில் பாதிக்கு மேல் காரணம் என்பது என் கணிப்பு. அந்தக் கேபிளைக் குறியீடு உள்ள போர்ட்டில் செருகியதும் படம் வந்தது.

இரண்டாம் குழப்பம்: மூன்று வழி, ஒரே குறை

படம் வந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. மானிட்டரில் மவுஸ் அம்பு வழுக்கிச் செல்லாமல் விட்டுவிட்டு நகர்ந்தது. நீண்ட எக்செல் தாளை உருட்டும்போது எழுத்துகள் அதிர்ந்தன. மாலைக்குள் கண் வலிக்கிறது என்றார். விண்டோஸின் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயைத் திறந்து பார்த்தபோது, புதுப்பிப்பு வீதம் 30 ஹெர்ட்ஸ் என்றிருந்தது. கீழிறங்கு பட்டியலில் அதற்கு மேல் எண்ணே இல்லை. திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும்போது ஒவ்வொரு படத்துக்கும் இடையே ஏறத்தாழ 17 மில்லிவிநாடிதான் செல்கிறது. 30 என்றால் அது 33 ஆகிவிடுகிறது. திரைப்படம் பார்ப்பவர் இதைப் பெரிதாக உணரமாட்டார், அம்பைப் பின்தொடர்ந்து எண்களைத் திருத்துபவர் உணராமல் இருக்க முடியாது.

இங்கே ஆடிட்டர் ஏற்கெனவே செய்திருந்த சோதனைகளைக் குறிப்பிட வேண்டும், ஏனெனில் அவருடைய தர்க்கத்தில் பிழை இல்லை. நான் வருவதற்கு முன்பே எச்டிஎம்ஐ கேபிளால் மடிக்கணினியை நேரடியாக இணைத்துப் பார்த்திருந்தார். அதில் படம் வந்தது, ஆனால் 30 ஹெர்ட்ஸ். கடைத்தெருவில் டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐயும் யூஎஸ்பியும் தரும் சிறு அடாப்டர் ஒன்றை வாங்கி வந்து இணைத்தார், அதிலும் 30. இப்போது மானிட்டரின் சொந்தக் கேபிளிலும் 30. வழிகள் மூன்றும் மாறின, மாறாமல் இருந்தது மானிட்டர் ஒன்றுதான். ஆகவே குறை மானிட்டரில் என்று அவர் முடிவு செய்தார். கணக்குப் பார்க்கும் ஒருவர் வேறு எப்படி முடிவெடுப்பார்? ஆனால் மூன்று வழிகளும் மூன்று வெவ்வேறு காரணங்களால் ஏறத்தாழ ஒரே இடத்தில் தடைபட்டன. இந்த நிகழ்வின் மையமே அந்தத் தற்செயல்தான்.

4கே திரையில் 3840 பெருக்கல் 2160, அதாவது சுமார் 83 லட்சம் பிக்சல்கள் உள்ளன. ஒவ்வொரு பிக்சலுக்கும் 24 பிட், விநாடிக்கு 60 படம் என்று பெருக்கினால் விநாடிக்கு ஏறத்தாழ 12 ஜிகாபிட் வருகிறது. படங்களுக்கு இடையே விடப்படும் வெற்று நேரத்தையும் சேர்த்தால் பன்னிரண்டரையைத் தாண்டும். 30 படம் போதுமென்றால் இதில் பாதியே தேவை. இனி ஒவ்வொரு வழியும் எவ்வளவு சுமக்கும் என்று பார்ப்போம். மடிக்கணினியின் எச்டிஎம்ஐ போர்ட் 1.4 பதிப்பைச் சேர்ந்தது. அதன் மொத்தக் கொள்ளளவு 10.2 ஜிகாபிட் என்றாலும், சிக்னலைக் குறியாக்கும் முறையில் பத்துக்கு இரண்டு பங்கு கழிந்துவிடுவதால் படத்துக்குக் கிடைப்பது 8.16 மட்டுமே. 60 ஹெர்ட்ஸில் 4கே தரும் எச்டிஎம்ஐ 2.0 பதிப்பு 2013லேயே வந்துவிட்டது. இருந்தும் பழைய பதிப்போடு மடிக்கணினிகள் விற்பனைக்கு வந்துகொண்டிருக்கின்றன, விளம்பரத்தில் எச்டிஎம்ஐ என்ற சொல் மட்டும் இருக்கும், பதிப்பு எண் இருக்காது.

மற்ற இரண்டு வழிகளின் கதை டைப்-சி கேபிளுக்குள் இருக்கிறது. முழுமையான டைப்-சி கேபிளில் நான்கு அதிவேகத் தடங்கள் உண்டு. நான்கையும் படத்துக்கே கொடுக்கலாம், அல்லது இரண்டைப் படத்துக்கும் இரண்டை வேகமான யூஎஸ்பி தரவுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். இந்த மானிட்டரின் டைப்-சி உள்ளீடு டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் இயங்குவது; அந்த வேகத்தில் ஒரு தடம் கழிவு போக 4.32 ஜிகாபிட் சுமக்கும். நான்கு தடங்கள் என்றால் 17.28 கிடைத்து 60 ஹெர்ட்ஸுக்குத் தாராளமாகப் போதும். இரண்டு தடங்கள் என்றால் 8.64தான். கடைத்தெருவில் வாங்கிய அடாப்டரில் வேகமான யூஎஸ்பி போர்ட்கள் இருந்ததால் அது இரண்டு தடங்களை அவற்றுக்காக எடுத்துக்கொண்டது. பெட்டியின் முகப்பில் 4கே என்று பெரிதாகவும், பின்புறம் 30 ஹெர்ட்ஸ் என்று பொடி எழுத்திலும் போட்டிருந்தார்கள். மானிட்டரும் தன் ஹப்புக்காக அதையே செய்துகொண்டிருந்தது. ஆக, 8.16, 8.64, 8.64 என்று மூன்று வழிகளும் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நின்றுவிட்டன. தேவையோ பன்னிரண்டரைக்கு மேல்.

மானிட்டரின் கீழ்விளிம்பில் உள்ள பொத்தானை அழுத்தி மெனுவுக்குள் சென்றால், டைப்-சி இணைப்பில் படத்தெளிவுக்கு முன்னுரிமையா தரவு வேகத்துக்கு முன்னுரிமையா என்று கேட்கும் ஓர் அமைப்பு உள்ளே ஆழத்தில் இருந்தது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இதன் பெயர் மாறும். சிலவற்றில் யூஎஸ்பி 3.0, யூஎஸ்பி 2.0 என்று மட்டுமே இருக்கும், படத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பை மெனு சொல்லாது. தொழிற்சாலையில் அது தரவு வேகத்தில் வைக்கப்பட்டிருந்தது. படத்தெளிவுக்கு மாற்றியதும் திரை ஓரிரு கணம் இருண்டு மீண்டது. அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் அதுவரை இல்லாத 60 என்ற எண் பட்டியலில் வந்து நின்றது.

விலையைச் சொல்லிவிட வேண்டும்

நான்கு தடங்களும் படத்துக்குப் போய்விட்டதால், மானிட்டரின் ஹப்புக்கு மிஞ்சியது யூஎஸ்பி 2.0க்கான தனி வயர் இணை மட்டுமே. கீபோர்டு, பிரிண்டர், டோக்கன் ஆகிய மூன்றுக்கும் அதுவே அதிகம். அவற்றில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஹார்டு டிஸ்க்கில் உடனே தெரிந்தது. நகலெடுக்கும் வேகம் விநாடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்ட மறுத்தது. 100 ஜிகாபைட் கோப்புகளை எடுக்க முக்கால் மணி நேரத்துக்கு அருகில் ஆகும் வேகம் அது. ஆகவே ஹார்டு டிஸ்க்கை மானிட்டரிலிருந்து எடுத்து, மடிக்கணினியின் வலப்பக்க யூஎஸ்பி போர்ட்டில் நேரடியாகச் செருகினோம். வேகம் மூன்று மடங்குக்கு அருகில் உயர்ந்தது. ஒரே கேபிளில் எல்லாம் என்ற கடைக்காரரின் வாக்கு இந்த இடத்தில் இரண்டு கேபிள் என்று திருத்தப்பட்டது.

வேறு வழிகளும் ஆராயப்பட்டன. ஒரு தடத்துக்கு இன்னும் அதிகம் சுமக்கும் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வேகத்தில் இரண்டு தடங்களே 12.96 ஜிகாபிட் தரும் என்பதால், மானிட்டரும் மடிக்கணினியும் இரண்டுமே அதை ஏற்பவையாக இருந்திருந்தால் இந்தத் தேர்வே எழுந்திருக்காது. மென்பொருள் வழியாகப் படத்தைச் சுருக்கி அனுப்பும் வகை டாக்குகள், அதாவது பல போர்ட்கள் கொண்ட இணைப்புப் பெட்டிகள், உண்டு. ஒரு திரைக்காக அவ்வளவு செலவும், அதற்கென ஒரு டிரைவரும், செயலிக்குக் கூடுதல் வேலையும் தேவையில்லை என்று தோன்றியது. 4கேக்குப் பதிலாக 2560 பெருக்கல் 1440 பிக்சல் மானிட்டர் வாங்கியிருந்தால் 60 ஹெர்ட்ஸுக்கு ஆறு ஜிகாபிட்டுக்கும் குறைவாகவே தேவைப்பட்டிருக்கும், இரண்டு தடங்களே போதுமாகி ஹப்பும் வேகமாக இருந்திருக்கும். கணக்குத் தாள்களை மட்டும் பார்க்கும் மேசைக்கு அதுவே பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் தமிழ் எழுத்துகளின் சுழிகளும் புள்ளிகளும் 4கே திரையில் தெளிவாக நிற்பதை ஆடிட்டர் விரும்பினார். பணம் கொடுத்தவர் அவர்.

மவுஸ் மீண்டும் தடுமாறியது

ஹார்டு டிஸ்க்கை இடம் மாற்றிய அன்று மாலையே, காப்புப்பிரதி ஓடும்போது மட்டும் மவுஸ் மறுபடியும் விட்டுவிட்டு நகர்வதாகச் சொன்னார். பழைய குறை திரும்பிவிட்டது என்று தோன்றினாலும் இது வேறு குறை என்பதை ஓர் எளிய சோதனை காட்டியது. 30 ஹெர்ட்ஸ் இருந்தபோது, அம்பை மடிக்கணினித் திரையில் சுற்றினால் சீராக ஓடும், மானிட்டருக்குள் நுழைந்ததும் தடுமாறும். ஒரே மவுஸ், ஒரே கை, திரை மட்டும் வேறு என்பதால் குறை படம் செல்லும் வழியில் இருந்தது. இப்போதோ இரு திரைகளிலும் ஒரே மாதிரி தடுமாறியது. ஆகவே குறை திரைக்கு முன்னால், மவுஸுக்கும் ரிசீவருக்கும் இடையில் இருக்க வேண்டும்.

ரிசீவர் மடிக்கணினியின் வலப்பக்க யூஎஸ்பி போர்ட் ஒன்றில் இருந்தது. அதை ஒட்டிய அடுத்த போர்ட்டில்தான் ஹார்டு டிஸ்க்கைச் செருகியிருந்தோம். யூஎஸ்பி 3.0 இயங்கும்போது அதன் முனையிலிருந்தும் கேபிளிலிருந்தும் கசியும் மின்காந்த இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியையும் நிறைக்கிறது. வயர் இல்லாத மவுஸ்கள் பேசுவதும் அதே பகுதியில்தான். இன்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கையே இதை அளந்து காட்டி, ரிசீவரைத் தள்ளி வைக்கும்படி சொல்லியிருக்கிறது. ரிசீவரை மானிட்டரின் ஹப்புக்கு மாற்றினோம். அந்த ஹப் இப்போது யூஎஸ்பி 2.0இல் இயங்குவதால் அங்கே அந்த இரைச்சல் இல்லை, ஹார்டு டிஸ்க்கிலிருந்து தூரமும் கூடியது. படத்துக்காக ஹப்பின் வேகத்தை விட்டுக்கொடுத்தது மவுஸுக்கு நன்மையாக அமைந்தது.

டோக்கனை மட்டும் பின்புற ஹப்பில் விடாமல் மானிட்டரின் பக்கவாட்டுப் போர்ட்டுக்குக் கொண்டுவந்தோம். மின்கையொப்பம் இடும் கருவி எப்போதும் செருகியபடியே கிடப்பது நல்லதல்ல. கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால்தான் வேலை முடிந்ததும் எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டும் பழக்கம் நிலைக்கும்.

எழுத்தின் அளவு

இரு திரைகளிலும் எழுத்தளவைச் சரிசெய்வது நான் எதிர்பார்த்ததைவிட எளிதாக முடிந்தது. 1920 பெருக்கல் 1200 பிக்சல் கொண்ட 14 அங்குலத் திரையும் 27 அங்குல 4கே திரையும் அங்குலத்துக்கு ஏறத்தாழ 162, 163 பிக்சல் என்று ஒரே அடர்த்தி கொண்டவை. இரண்டின் எழுத்தளவையும் 150 சதவீதத்தில் வைத்தால், ஒரு சாளரத்தை இங்கிருந்து அங்கே இழுக்கும்போது அதன் அளவு துள்ளாது. அவருடைய பழைய கணக்கு மென்பொருள், விண்டோஸுக்குள் நுழையும்போது முதன்மைத் திரைக்கு இருந்த எழுத்தளவையே பிடித்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. இரு திரைகளின் எழுத்தளவு வேறுபட்டால் மங்கலாகத் தெரியும், ஒன்றாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. மடிக்கணினி 125இலும் மானிட்டர் 150இலும் இருந்ததே அதுவரை அவர் கண்ட மங்கலுக்குக் காரணம். ஒலி மானிட்டரின் பக்கம் போய்விட்டதையும் மூடியை மூடினால் மடிக்கணினி உறங்கிவிடுவதையும் செட்டிங்ஸிலேயே மாற்றிவிட்டோம்.

மின்தடை

மடிக்கணினிக்குச் சொந்த பேட்டரி இருப்பதால் மின்தடை இனிப் பொருட்டில்லை என்று ஆடிட்டர் நினைத்திருந்தார். மானிட்டருக்குப் பேட்டரி கிடையாது. மின்சாரம் நின்றால் திரை, ஹப், அதில் செருகிய அனைத்தும் ஒரே கணத்தில் அணையும்; கையொப்பம் இடும் நடுவில் டோக்கன் துண்டிக்கப்படும். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தும் மானிட்டர் ஒவ்வொரு முறையும் ஒருமுறை அணைந்து எழுந்தது. இன்வர்ட்டரின் பின்புறம் இருந்த சிறு சுவிட்ச் சாதாரண நிலையில் இருந்ததே காரணம். மின்விசிறிக்கும் விளக்குக்கும் போதுமான அந்த நிலையில், மின்வாரிய மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாறும் இடைவெளி மானிட்டரால் தாங்க முடியாத அளவு நீள்கிறது. யூபிஎஸ் நிலைக்கு மாற்றியதும் அந்த இடைவெளி சுருங்கி, மானிட்டர் அணையாமல் நின்றது. ஹார்டு டிஸ்க் மடிக்கணினியிலேயே நேரடியாக இருப்பதன் இன்னொரு பயனும் அப்போது வெளிப்பட்டது: சோதனைக்காக மெயினையும் இன்வர்ட்டரையும் சேர்த்து அணைத்தபோதும் காப்புப்பிரதி மடிக்கணினியின் பேட்டரியில் தொடர்ந்து ஓடியது.

அந்தச் சோதனையில் மானிட்டர் அணைந்ததும், அதில் திறந்திருந்த சாளரங்கள் எல்லாம் மடிக்கணினித் திரையில் வந்து குவிந்தன. விண்டோஸ் 11இன் டிஸ்ப்ளே பகுதியில், பல திரைகளுக்கான அமைப்புகளின் கீழ், மானிட்டர் துண்டிக்கப்பட்டால் சாளரங்களைச் சுருக்கி வைக்கவும், மீண்டும் இணைந்தால் பழைய இடத்திலேயே திறக்கவும் இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. இரண்டையும் இயக்கிவிட்டு மறுபடி மெயினை அணைத்துப் போட்டோம். சாளரங்கள் இருந்த இடத்துக்கே திரும்பின. கடையில் வாங்கிய அடாப்டரைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. வெளியூர் தணிக்கைக்குப் போகும்போது அங்கிருக்கும் புரொஜக்டருடன் இணைக்க உதவும் என்று, அது இப்போது மடிக்கணினிப் பையின் வெளியறையில் கிடக்கிறது.